கிளிநொச்சி கெமிஸ்ட்ரி கிளாஸ், கம்பஸ் போக முதல் சேரலாமோ?

ஏ/எல் தமிழ்ல செய்திட்டு சயன்ஸ் பக்கல்ட்டிக்கு போற பெடியளுக்கு முதல் வருசம் அடி விழுறதே இங்கிலீசிலதான், அதுக்கெண்டே டவுனுக்க நடக்கிற இந்த கிளாசுக்கு தங்கச்சிய விட்டனான். சேர் ஓர்கானிக்க பாடமாக்க விடமாட்டார், எஸ்என்2 (ஒண்டு வர மற்றது கழருற பதிலீட்டு தாக்கம்) எண்டா நியூக்கிளியோபைல் (எலக்ட்ரோன் சோடி குடுக்கிற ஆள்) பின்பக்கத்தால வரும், புரோமின் மற்றப்பக்கம் கழரும், காபன் காத்துக்கு பிரண்ட குடை மாதிரி திரும்புமெண்டு அம்புக்குறி கீறி காட்டிப்போட்டு, அந்த காபன மூண்டு மெதைல் கூட்டம் சுத்தி நிண்டா இது ஏன் ஏலாதெண்டு பிள்ளையளிட்டயே கேப்பார், அது சுப்பர். குவாண்டம் சும்மா ஓட்டம்தான், பயோ செய்த ஆக்கள் கணக்கில மாயுதுகள். லாப் இல்ல, நியமிப்பு (டைட்ரேசன்) கூட போர்ட்டிலதான், அந்த பீசுக்கு ஒரு பியூரெட்டாவது வாங்கி வைக்கலாம். செகண்ட் இயர்காரர் போய் காசை கரியாக்காதேங்கோ.