ஐந்து பேருக்கு பில், கோட் எழுதியது ஒரே ஆள்

எங்கள் ஆர்டர் செயலியின் பராமரிப்பை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். ஐந்து பேர் கொண்ட குழு என்று ஒப்பந்தத்தில் போட்டார்கள், ஐந்து பேருக்கும் மாதாமாதம் பணம் வாங்கினார்கள். உண்மையில் வேலை செய்தவர் ஒரே டெவலப்பர். அவர் விலகியதை எங்களிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் "டெஸ்டிங்கில் இருக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும்" என்ற பதில்தான்.

சர்வருடனான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியானபோதுதான் குட்டு உடைந்தது. எங்கள் அமைப்பில் அதைப் புதுப்பிக்க, டொமைன் பெயரை சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் கணக்கு வேண்டும். அது போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. நல்ல மனிதர், கேட்டதும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அத்தனையையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு மறைத்தவர்கள்மேல்தான் கோபம்.

பெரிய அடி அப்புறம் விழுந்தது. ஆண்ட்ராய்டு செயலி எங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையொப்பமிடும் சாவி உள்ள கீஸ்டோர் கோப்பு அவருடைய அலுவலக லேப்டாப்பில் மட்டுமே இருந்திருக்கிறது. நிறுவனம் அந்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. 2021 ஆகஸ்டிலிருந்து பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகளின் சாவியை கூகுளே பாதுகாக்கிறது. எங்களுடையது அதற்கு முந்தையது, அந்த ஏற்பாட்டுக்கு மாற்றப்படவும் இல்லை. சாவி இல்லாமல் அப்டேட் கொடுக்க வழியே கிடையாது. புதிய பேக்கேஜ் பெயரில், அதாவது வேறொரு செயலியாக, மறுபடி வெளியிட்டு, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரையும் திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாக வந்த டெவலப்பர் முதலில் செய்தது, கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் வரலாற்றில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்ததுதான். ஒரு நிமிட வேலை. கிட்டத்தட்ட எல்லா கமிட்டும், அதாவது பதிவான ஒவ்வொரு மாற்றமும், ஒரே பெயரில். மற்றவர்களில் ஒருவர் செய்தது ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம். உங்கள் புராஜெக்டிலும் இதை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

கிட், டொமைன், கிளவுட், பிளே கன்சோல் (பிளே ஸ்டோரில் செயலியை வெளியிடும் கணக்கு) எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். இரண்டாவது டெவலப்பர் ஒருவர், முதலாமவரிடம் எதுவும் கேட்காமல், குறிப்புகளை மட்டும் வைத்து வெற்று சர்வரில் எல்லாவற்றையும் நிறுவி, உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டட்டும். எங்கே திணறுகிறாரோ அங்கேதான் ஆபத்து.

முக்கிய டெவலப்பர் நோட்டீஸ் கொடுத்த உடனே தெரிவிக்க வேண்டும், மாற்று ஆள் அவரோடு சேர்ந்து வேலை பழகும் காலத்தின் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். இதற்கு மழுப்பினால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.