நியூயார்க் பொது நூலகத்தின் பழைய மெனு அட்டைகள்: தேடுவோருக்கு

ஃபிராங்க் பட்டால்ஃப் (பெயர்தான் அப்படி, அவர் பெண்மணி) 1900 முதல் 1924 வரை சேர்த்த 25,000-க்கு மேற்பட்ட மெனு அட்டைகளே இத்தொகுப்பின் அடித்தளம். அட்டைகளின் ஸ்கேன் படங்கள் தெளிவு. 2011 முதல் தன்னார்வலர்கள் பதார்த்தங்களையும் விலைகளையும் தட்டச்சு செய்தார்கள், சிக்கலும் அங்கேதான்.

தட்டச்சு செய்த தரவு நான்கு சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்புகளாக உள்ளது. எந்த ஆண்டில் என்ன விலை என்று அறிய அடையாள எண்களை வைத்து அவற்றை இணைக்க வேண்டும். பதார்த்தக் கோப்பிலுள்ள ஆண்டை நம்பாதீர்கள்: 0, 1, ஏன், 2928 கூட உண்டு! மெனு கோப்பின் தேதியையே எடுங்கள், அதிலும் சில பிழைகள் உண்டு. ஒரே பதார்த்தம் பல எழுத்துக்கூட்டலில் வரும், ஒன்றாக்கிவிட்டு எண்ணுங்கள். விலைக் கட்டம் காலியென்றால் இலவசம் என்று பொருளல்ல. விருந்து அட்டைகளில் பெரும்பாலும் தனி விலையே அச்சிடுவதில்லை. ‘40’ என்றால் டாலரா, சென்டா? படத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.