அஷ்டமுடிக் காயலில் இரவு நிறுத்தங்கள்: ஒரு மதிப்பீடு

கேரளத்தில் படகு வீட்டுக்கு முன்பதிவு செய்யும் நம்மவர்கள் பெரும்பாலும் அறைகள் எத்தனை, குளிர்சாதன வசதி உண்டா, மதியச் சாப்பாட்டில் என்ன மீன் என்றே விசாரிக்கிறார்கள். இரவில் படகை எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்பவர் அரிது. நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கும் வழக்கமான பயணத்தில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம். மீதிப் பதினைந்து மணி நேரமும் அது ஏதோ ஓரிடத்தில் கட்டப்பட்டுத்தான் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் மீனவர்கள் வலை விரிக்கத் தொடங்குவதால், மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் படகுகள் கரையணைந்துவிட வேண்டும் என்பது காயல்களின் நடைமுறை. ஆகவே, கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி நிற்கும் இடத்துக்கான விலைதான். ஆலப்புழையில் அந்த இடம் பல நேரங்களில் வரிசையாக நெருக்கிக் கட்டிய படகுகளுக்கு நடுவே அமைந்துவிடுகிறது. பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் ஓசையும், எதிர்ப் படகின் பாட்டும் விடியும்வரை நம்மோடு இருக்கும். அமைதியாக நிற்க இடம் தேடுவோருக்கு நான் சொல்லும் மாற்று, கொல்லத்தின் அஷ்டமுடிக் காயல்.

வேம்பநாட்டுக் காயலுக்கு அடுத்தபடியாகக் கேரளத்தின் இரண்டாவது பெரிய காயலான அஷ்டமுடி, ஏறத்தாழ 61 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிலத்துக்குள் நுழைந்திருப்பதால், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு மறைவான ஒரு கிளை கிடைத்துவிடும் என்பதே சிறு படகில் செல்பவருக்கு இந்தக் காயலின் முதல் அனுகூலம். ஆழம் அதிகமில்லை, மிகுந்த ஆழமுள்ள பகுதியும் ஆறரை மீட்டர் அளவே. அடிப்பகுதி பெரும்பாலும் சேறு என்பதால் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். ஆயினும் உள்ளூர்ப் படகோட்டிகள் நங்கூரத்தை விடக் கழியையே நம்புகிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு நீண்ட கழிகளைச் சேற்றில் ஊன்றி, இரு முனையிலும் கயிற்றால் கட்டிவிட்டால், கடல் ஓதம் ஏறி இறங்கும்போது படகு சுற்றுவதில்லை. ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகு நீரோட்டம் திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பும். அகலம் குறைந்த கிளையில் அது அருகிலுள்ள ஊன்று வலைகளில் போய் முட்டக்கூடும்.

பயணம் தொடங்குவது கொல்லம் பேருந்து நிலையத்தை ஒட்டிய படகுத்துறையில். தேவள்ளி அரண்மனையைக் கடந்து அகன்ற நீர்ப்பரப்புக்கு வரும்வரை நகரத்தின் பின்புறத்தைத்தான் பார்க்க நேர்கிறது. இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவது நல்லது. அடுத்து எல்லாரும் நிறுத்தச் சொல்லும் சாம்பிராணிக்கோடி. நீர்வழியைத் தூர்வாரியபோது கொட்டிய மண்ணால் உருவான திட்டு இது. முழங்கால் அளவு நீரில் நடுக்காயலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்பதே இதன் புகழுக்குக் காரணம். குழந்தைகளுக்குப் பிடிக்கும். விடுமுறை நாட்களில் படகுகளும் ஆட்களும் மொய்ப்பதால், தங்குவதற்கு ஏற்ற இடமாக இதை நான் கருதவில்லை. அரை மணி நேரம் போதும்.

நான் முதலிடம் கொடுப்பது வடகிழக்கில், கல்லடையாறு காயலில் கலக்கும் பகுதிக்கு வெளியே, மன்றோ துருத்தைப் பார்த்தபடி அமைந்த நிறுத்தத்துக்கு. ஆற்று வண்டல் படிந்து உருவான தீவுக் கூட்டமான மன்றோ துருத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர் நிலைத்திருக்கிறது. தீவுகளுக்கு இடையே ஓடும் கால்வாய்கள் மிகக் குறுகலானவை. அவற்றின் மேலுள்ள நடைபாலங்கள் தாழ்வானவை. சில பாலங்களின் அடியில் தோணியில் செல்பவர்களும் குனிந்து படுத்தே ஆகவேண்டும். படகு வீடு உள்ளே நுழைய வழியே இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லும் விமர்சனங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுவே இந்த இடத்தின் சிறப்பாகத் தெரிகிறது. பெரிய படகு வெளியே நிற்க, விடியலுக்கு முன் ஒரு சிறு தோணியை வரவழைத்து, கழி ஊன்றிச் செல்லும் தோணிக்காரருடன் கால்வாய்களுக்குள் போய் வருவதே இங்கே செய்யத்தக்கது. அந்த வேளையில் தென்னந்தோப்புகளுக்கும் இறால் வளர்ப்புப் பாத்திகளுக்கும் இடையே மீன்கொத்திகளையும் நீர்க்காகங்களையும் தவிர வேறு போக்குவரத்து இருப்பதில்லை. தோணிக்கான கட்டணம் படகு வீட்டுக் கட்டணத்தில் பெரும்பாலும் சேராது. முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

கரையோரமாக ஒட்டிக் கட்டாமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி படகோட்டியிடம் கேட்டுக்கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தத் தீவுகளில் பல வீடுகளின் முற்றத்துக்கு ஓதநீர் ஏறி வருகிறது, சுவர்கள் உப்பால் அரிக்கப்படுகின்றன, குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. தென்மலையில் கல்லடையாற்றின் குறுக்கே கட்டிய அணை வண்டலைத் தடுத்துவிட்டதும், 2004ஆம் ஆண்டின் சுனாமியும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆண்டுதோறும் மண் சேர்ந்து உயர்ந்த நிலத்துக்கு அந்த வரத்து குறைந்துவிட்ட நிலையில், இயந்திரப் படகு எழுப்பும் அலைகூட வரப்பைக் கரைக்கும். எங்கள் படகோட்டி, நாங்கள் சொல்லாமலேயே, தீவுகள் தென்படத் தொடங்கியதும் வேகத்தை மிகவும் குறைத்துக்கொண்டார். ஒரு சேவையை மதிப்பிடும்போது இத்தகைய பழக்கத்துக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஒரே ஒரு தொல்லை ரயில். தெற்கே பெருமண் பக்கம் ஒதுங்கினால், காயலின் மேல் செல்லும் ரயில் பாலத்தின் ஓசை இரவு முழுவதும் கேட்கும். 1988 ஜூலை 8ஆம் நாள் ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்தப் பாலத்தில்தான். உறக்கம் கலையக்கூடியவர்கள் பாலத்துக்கு எட்டாத் தொலைவில், ஆற்று முகத்தின் பக்கமாக நிற்பது நலம்.

இரண்டாவதாக நான் பரிந்துரைப்பது, அதிகம் பேசப்படாத காஞ்சிரக்கோட்டுக் கிளை. கிழக்கே குண்டறைப் பக்கம் நீண்டு செல்லும் இந்தக் கிளையில் பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை என்று படகோட்டிகளே தயங்குவார்கள். 1809இல் திருவிதாங்கூரின் முதன்மை அமைச்சர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை வெளியிட்ட குண்டறை என்று வரலாற்று ஆர்வலர்கள் வேண்டுமானால் மகிழலாம். படகிலிருந்து தெரிவது தென்னையும் மேடான கரையும் துணி துவைக்கும் படித்துறைகளும் மட்டுமே. எனினும், பிற்பகலில் கடற்காற்று வலுத்து நடுக்காயலில் அலை எழும் நாட்களில், மற்ற இடங்களில் படகு அசைந்துகொண்டேயிருக்க, கடலிலிருந்து தள்ளியிருக்கும் இந்தக் கிளையில் நீர் அடங்கிக் கிடக்கும். முதியவர்களையும் படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களையும் அழைத்துச் செல்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். உட்கோடி வரை செல்ல வேண்டாம். அங்கே நீர் தேங்கி நிற்பதால் கொசுவும், தேங்காய் மட்டை ஊறவைக்கும் இடங்களின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். கயிற்றுத் தொழிலின் பழைய வழக்கமான இந்த மட்டை ஊறல், நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்வளத்தைக் கெடுத்தது என்பதும் அஷ்டமுடியின் கதையில் ஒரு பகுதிதான்.

வடமேற்கில் தெக்கும்பாகம், தளவாய்புரம் பகுதிகள் வேறு வகை. இங்கே கடலின் முகத்துவாரம் அருகில் இருப்பதால் ஓதம் தெளிவாகத் தெரியும். வற்றும் வேளையில் மார்பளவு நீரில் நின்று மட்டி அள்ளுபவர்களைக் காணலாம். அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் நீடித்த மீன்வளத்துக்கான எம்.எஸ்.சி. (மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) சான்றிதழைப் பெற்றது, இந்தியாவில் அந்தச் சான்றிதழைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுவே. இந்தப் பக்கம் நின்றால் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டிக்கறி கேட்காமல் விடாதீர்கள். தேங்காய்க் கொத்தும் குறுமிளகும் சேர்த்து வறட்டிய மட்டி, எங்கள் பயணத்தில் கரிமீனைவிடச் சுவையாக இருந்தது. வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் பொள்ளித்ததில் மசாலா தூக்கலாக இருந்து மீனின் சுவையை மறைத்துவிட்டது. இந்த நிறுத்தத்தில் கவனிக்க வேண்டியது நீரோட்டம். கழி ஊன்றிக் கட்டினாலும் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி விடவேண்டும். இறுக்கிக் கட்டினால் நீர் இறங்கும்போது ஒரு பக்கம் இழுபடும். குளிக்க இறங்குவது கூடாது.

இதற்குச் சற்றுத் தெற்கே, காயல் அரபிக்கடலைச் சந்திக்கும் நீண்டகரை முகத்துவாரத்தைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். 1953இல் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கப்பட்ட இடம் இது; இன்று கேரளத்தின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. விடியற்காலையில் இழுவைப் படகுகள் வரிசையாக வந்து போகும் வழியில் சிறு படகை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது. ஜூன் 9 முதல் ஜூலை 31 வரையான இழுவைமடித் தடைக்காலத்தில் நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே சங்கிலி கட்டி இழுவைப் படகுகளைக் கடலுக்குச் செல்லவிடாமல் தடுப்பார்கள். அப்போது அவை எல்லாம் காயலுக்குள் நெருக்கியடித்து நிற்கும். அந்தக் காட்சி பார்க்கத்தக்கதே என்றாலும், டீசல் மணம் நெடுந்தொலைவு வீசும்.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஷ்டமுடியில் ஆலப்புழையைப் போல எண்ணற்ற படகு வீடுகள் இல்லை, தேர்வு குறைவு. ஆணி இல்லாமல் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் கெட்டுவள்ளத்தின் மரபில் அமைந்த ஒற்றை அறைப் படகே நாங்கள் எடுத்தது. இருவர் அல்லது ஒரு சிறு குடும்பம் என்றால் இதற்கு மேல் வேண்டியதில்லை. படகு சிறியதாக இருந்தால்தான் மேலே சொன்ன கிளைகளுக்குள் நுழைந்து நிற்கவும் முடியும். அறை தூய்மையாக இருந்தது, படுக்கை கடினம், குளியலறைக் குழாயில் நீர் நூலாக வந்தது. குளிர்சாதனம் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மட்டும் இயங்கும் என்பது வழக்கமான விதி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதை அணைத்துவிடச் சொல்லலாம்: ஜெனரேட்டர் நின்றதும்தான் வலைக்காரர்களின் பேச்சும், மீன் துள்ளும் ஓசையும் காதுக்கு வரும். சமையல்காரரும் படகோட்டியுமாக இருவர். தமிழ் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை ஏறும் முன்பே “சேட்டா, ராத்திரி கல்லடையாற்று முகத்துக்கு வெளியே நிற்கலாமா” என்று இடத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துங்கள் என்று பொதுவாகச் சொன்னால், அவருக்கு வசதியான படகுத்துறைக்கு அருகிலேயே நின்றுவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் கழிந்ததும் இடி மின்னலுடன் மழை இறங்கும். திறந்த நீர்ப்பரப்பில் நிற்காமல் மேட்டுக்கரை உள்ள கிளைக்குள் முன்னதாகவே ஒதுங்கிவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு 2018இல் அகலப்பாதையாகி முழுமையாகத் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் ரயில் வழி மிக வசதி. தென்மலையை ஒட்டி அது மலையிறங்கும்போது தென்படும் கல்லடையாறே மறுநாள் காலை நம் படகின் அடியில் வந்து சேர்வது.

முன்பதிவு செய்யும் முன் கேட்டுத் தெளிய வேண்டியவை இன்னும் இரண்டு. படகுக்கு நடப்பு உரிமமும் ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் இருக்கின்றனவா என்பது ஒன்று. கழிவறைக் கழிவு தொட்டியில் சேர்க்கப்பட்டுக் கரையில் அகற்றப்படுகிறதா, அல்லது காயலிலேயே விடப்படுகிறதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் உரிமையாளருக்கு, கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கொடுத்துவிடலாம். அந்த நீரில் பிடித்த மீனையும் மட்டியையும்தான் இரவு நமக்குப் பரிமாறப் போகிறார்கள்.