விலை சொல்வதற்கு முன் மூடியைத் திறக்கும் புறக்கோட்டைக் கடை

அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில், 1984இல் யோக்கோஹாமாவில் வாங்கி வந்த கேசியோ டிடபிள்யூ-5000சி கைக்கடிகாரத்தின் இன்றைய பெறுமதியை அறிய வேண்டிய தேவை சென்ற மாதம் எனக்கு ஏற்பட்டது. அதை நீயே வைத்துக்கொள், ஆனால் நியாயமான விலை போட்டு அப்பாவின் சொத்துப் பங்கில் சேர்த்துவிடு என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்லியிருந்தார். கொழும்பு காலி வீதியில் நான் முதலில் ஏறிய கடையில், கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "பழைய பிளாஸ்டிக் மணிக்கூடு, ஐயாயிரம் தரலாம்" என்றார்கள். அதன் பிறகே, நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டு, புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு அருகே, ஒரு மாடிப்படியின் கீழ் ஒடுங்கியிருக்கும் இந்தத் திருத்தும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். எல்லோரும் அவரை நானா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) என்றே அழைக்கிறார்கள். "திறந்து பார்க்காமல் விலை சொன்னால் அது பாவம், தம்பி" என்றபடி கடிகாரத்தின் பின்மூடியைத் திருகிக் கழற்றினார். அந்தத் திருகு மூடியே இது அசல் என்பதற்கு முதல் சான்று என்பதை அவர் விளக்கித்தான் அறிந்தேன். 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக்கூடாது, 10 பார் (ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்துக்குரிய) நீரழுத்தத்தைத் தாங்க வேண்டும், பற்றரி 10 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்ற இலக்குடன் பொறியியலாளர் கிகுவோ இபே உருவாக்கி 1983இல் வெளிவந்த, கேசியோவின் அதிர்ச்சி தாங்கும் கடிகார வரிசையான ஜி-ஷொக்கின் முதலாவது மாதிரி இதுதான். இதே வடிவத்தை நிறுவனம் பின்னர் பலமுறை மறுவெளியீடு செய்திருப்பதால், வெறும் தோற்றத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மூடியில் பொறித்திருந்த மாதிரி எண்ணையும், கட்டத்துக்குள் இருந்த 240 என்ற இயந்திர எண்ணையும், உள்ளே இருந்த இயந்திரத்தையும் அவர் உருப்பெருக்கியால் ஒப்பிட்டுப் பார்த்தார். பற்றரி கசிந்து பச்சை பிடித்திருக்கிறதா என்று இணைப்புத் தகடுகள் ஒவ்வொன்றையும் சோதித்தார். புதிய பற்றரியைப் போட்டதும் நிறுத்தக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு இலக்கமும் 8 ஆக மாறும்போது அதன் ஏழு கோடுகளும் முழுமையாகக் கறுக்கின்றனவா என்று கவனித்தார். எல்லாக் கோடுகளும் வந்தன. அந்த இலக்கங்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் மணிக்கட்டில் பார்த்தது நினைவுக்கு வந்து, எனக்குச் சற்று நேரம் பேச்சே எழவில்லை.

குறை, முகப்பைச் சுற்றியுள்ள வெளிச்சட்டத்தில் இருந்தது. அது பொலியூரெத்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் என்பதால், ஈரப்பதன் சேரச் சேரத் தன்னாலேயே சிதைந்துவிடும். எங்கள் வெள்ளவத்தை வீட்டின் கடற்கரைக் காற்றில் அது விரலால் தொட்டதும் பிஸ்கட்டைப் போல் நொறுங்கியது. புதிய சட்டம் போடலாமா என்று கேட்டேன். அசலைச் சேகரிப்பவர்கள் உடைந்த அசலையே விரும்புவார்கள் என்று சொல்லி, துண்டுகளைப் பொறுக்கி ஓர் உறையில் போட்டுத் தந்தார். வேறொருவர் என்றால் அந்த இடத்தில் ஒரு போலிச் சட்டத்தை விற்றிருப்பார்.

பிறகு விலைக்கு வந்தார். இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் தொகைகளை அவர் பொருட்படுத்தவில்லை; விற்று முடிந்தவற்றை மட்டும் கைபேசியில் எடுத்து, வெளிச்சட்டம் முழுதாக உள்ளவற்றையும் சிதைந்தவற்றையும் பிரித்துக் காட்டி, வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவைக் கழித்து, 90,000 முதல் 120,000 ரூபாய் வரை என்றார். பெட்டியும் உத்தரவாத அட்டையும் கிடைத்தால் மீண்டும் வரச் சொன்னார்.

பற்றரியோடு சேர்த்து 2,000 ரூபாய் வாங்கினார்; ஏறத்தாழ இரண்டு மணி நேர உழைப்புக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன். இருக்க இடமில்லை, வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை மூடியிருக்கும். மதிப்பீட்டை அவர் வழமையாக எழுத்தில் தருவதில்லை என்பதே எனக்கு உண்மையான குறையாகப் பட்டது. பங்கு பிரிப்புக்கு என்று விளக்கி வற்புறுத்திய பின்னரே, மூடியிலிருந்த எண்களையும் குறைகளையும் தொகையையும் பில் புத்தகத் தாளொன்றில் எழுதிக் கையொப்பமிட்டார். போகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தாளின் படத்தை அன்றிரவே அண்ணாவுக்கு அனுப்பினேன். நடுத்தொகையான 105,000ஐப் போடச் சொல்லிவிட்டு, நொறுங்கிய துண்டுகளை எறிந்துவிடாதே என்று அவரும் எழுதியிருந்தார்.