பெட்ஸ்வாலா, டெஸ்ஸாரா: சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டு ஈரத்துக்கும் ஏற்ற பழைய லென்ஸ் எது?

லார்ஜ் ஃபார்மட் கேமராவில், அதாவது 4×5 அங்குலம் போன்ற பெரிய ஃபிலிம் தட்டில் படமெடுக்கும் கேமராவில், முகங்களை எடுப்பதற்காகப் பழைய லென்ஸ் தேடுகிறவர்கள், அது பின்னணியை எவ்வளவு அழகாகக் கரைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சேலத்திலோ சேர்வராயன் மலையிலோ இருந்துகொண்டு வாங்குகிறவர் அதற்கு முன்பாக வேறு இரண்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அந்த லென்ஸை நம் கையாலேயே பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்ட முடியுமா என்பது. மற்றொன்று, நாம் படமெடுக்கும் இடத்து வெளிச்சத்துக்கு அதன் துளை ஒத்துவருமா என்பது. ஏற்காட்டில் மழை மாதங்களின் ஈரம் கண்ணாடியில் பூஞ்சையை வளர்க்கும். கீழே சேலத்தில், கோடைக்காலத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் விட்டுவைத்தால், வில்லைகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசின் இளகத் தொடங்கும்.

1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு, ஃபாய்க்லாண்டர் நிறுவனம் செய்து விற்ற உருவப்பட லென்ஸைத்தான் பெட்ஸ்வால் என்கிறோம். அதன் துளை ஏறத்தாழ எஃப் 3.6; எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகும். எஃப் 16 லென்ஸோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு ஒளி உள்ளே வரும். டெஸ்ஸார் 1902-இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃபின் பொறுப்பில் உருவானது. முதலில் எஃப் 6.3 ஆக வந்து, பின்னர் எஃப் 4.5 ஆகவும் அகன்றது. இரண்டிலும் நான்கே வில்லைகள், ஒட்டிய ஜோடியும் ஒன்றே ஒன்று. பெட்ஸ்வாலில் அந்த ஜோடி முன்புறம், டெஸ்ஸாரில் பின்புறம். இருந்தும் படத்தில் இவற்றுக்குள் ஒற்றுமையே இல்லை. டெஸ்ஸார் தட்டு முழுவதையும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் தருகிறது. பெட்ஸ்வால் நடுவில் மட்டும் கண்ணிமையை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குக் கூர்மையாக இருந்து, ஓரம் நோக்கிச் செல்லச் செல்லக் குழைந்து, இலைகளுக்கு நடுவே புகும் ஒளிப்புள்ளிகளைச் சுழல வைக்கிறது.

அந்தச் சுழலை நம்பிப் பெட்ஸ்வால் வாங்குகிறவர் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டின் காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் பின்னால் வைத்து ஒருவரை நிறுத்தினால், சுழல் அளவு மீறி முகத்தோடு போட்டி போடுகிறது. எனக்கு அது தலைசுற்றலாகவே படுகிறது. அதே லென்ஸைச் சேலத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு திண்ணைச் சுவருக்கு முன் வைத்தால் சுழல் காணாமல் போய், கூர்மை கண்ணிலிருந்து காதை எட்டுவதற்குள் மெல்லக் குறைவது மட்டும் மிஞ்சுகிறது. என் கணக்கில் பெட்ஸ்வாலின் உண்மையான பயன் அதுதான்.

வெளிச்சத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஐஎஸ்ஓ 100 வேகமுள்ள (ஒளியை உணரும் திறனின் அளவு இது) ஃபிலிமுக்கு, நேர் வெயிலில் எஃப் 3.6 துளையில் விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஒளி தேவை. பித்தளைக் குழாய் மட்டுமே கொண்ட பெட்ஸ்வாலுக்கோ ஷட்டரே கிடையாது. மூடியைக் கையால் கழற்றி மாட்ட ஒரு விநாடியாவது வேண்டும். ஆகவே வெளியில் எடுக்கிறவருக்கு, காம்பூர் போன்ற ஷட்டரில் பொருத்திய டெஸ்ஸார் வகை லென்ஸே சரி. ஷ்னைடரின் க்ஸெனாரும் இந்த வகைதான். திண்ணை நிழலில், ஐஎஸ்ஓ 6 அளவில் கணக்கிடப்படும் புகைப்படத் தாளையே நெகட்டிவாக வைத்தால், பெட்ஸ்வாலுக்கும் ஒரு விநாடி வாய்த்துவிடுகிறது. ஆனால் தாளுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமப் பொட்டு கரும்பொட்டாகும், மாநிறத் தோல் இன்னும் ஒரு படி கருக்கும். முகத்தை நெருங்கிப் பெல்லோஸை (கேமராவின் மடிப்புத் துருத்தியை) நீட்டும்போது குறையும் ஒளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: 210 மில்லிமீட்டர் லென்ஸை 280 வரை நீட்டினால் நேரம் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது.

பழுதுபார்ப்பதில் நான் பெட்ஸ்வால் பக்கம். டெஸ்ஸாரின் முன்பின் பகுதிகளைக் கழற்றித் துடைப்பது எளிதுதான்; சிக்கல் ஷட்டரில் இருக்கிறது. காய்ந்த எண்ணெயால் மெதுவான வேகங்கள் இழுத்துக்கொள்ளும், அதைப் பிரிப்பது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பெட்ஸ்வாலில் பொதுவாகத் திருகு வளையங்களைக் கழற்றினால் வில்லைகள் கையில் வந்துவிடும். பின்புறத்து இரண்டும் ஒட்டாதவை, நடுவே ஓர் இடைவளையம் மட்டும் இருக்கும். எடுத்தவுடன் எந்தப் பக்கம் முன்னோக்கி இருந்தது என்று விளிம்பில் பென்சிலால் குறித்துவிட வேண்டும், ஏனெனில் எல்லாத் தயாரிப்பிலும் வரிசை ஒன்றல்ல; டால்மேயர் 1866-இல் காப்புரிமை பெற்ற உருவப்பட லென்ஸில் பின்வில்லைகள் இடம் மாறியிருக்கும், பின்பகுதியைச் சற்றுத் திருகித் தளர்த்தினால் படம் மென்மையாகும். விளிம்பில் ஏற்கெனவே பழைய பென்சில் எழுத்து இருந்தால் அதை அழித்துவிட வேண்டாம்.

பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த நீர் போதும். கண்ணாடியையே அது அரித்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. முன் ஜோடியின் ஓரத்தில் வானவில் நிறமாகப் பால்சம் சற்று விலகியிருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது, படத்தில் பெரிதாகத் தெரியாது. நடுவரை பரவியிருந்தால் மட்டும் துணி விரித்த பாத்திரத்தில் நீரோடு மெல்லச் சூடேற்றிப் பிரித்து, அசிடோனால் துடைத்து, புறஊதா ஒளியில் இறுகும் பசையால் ஒட்டலாம். சேலத்து மதிய வெயில் அந்தப் பசையைச் சில நிமிடங்களில் இறுக்கிவிடும் என்பதால், மையம் சரிபார்த்து முடிக்கும்வரை ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டும். பித்தளைக் குழாயை மட்டும் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. மேலே பூசிய அரக்குப் போய்விடும், மரைக்குள் தங்கும் புளிப்பு மேலும் அரிக்கும்.

பழைய லென்ஸோடு, அதைக் கேமராவில் மாட்டுவதற்கான பொருத்து வளையம் பெரும்பாலும் வருவதில்லை. சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை; ஆனால், “இது என்ன மரை சார்?” என்று கேட்பவரிடம் அளவு சொல்லப் பார்ப்பதைவிட, கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு வெறும் குழாயையே கொடுத்து, அதற்குப் பொருந்தும்படி வெட்டச் சொல்வது நல்லது. அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு மரை வைத்திருந்தார்கள்.

டாக்கீஸ் புரொஜெக்டர் லென்ஸும் பெட்ஸ்வால் வகைதானே என்று பலர் கேட்கிறார்கள். வகை சரிதான், ஆனால் 35 மில்லிமீட்டர் படச்சட்டத்துக்குச் செய்த அதன் ஒளிவட்டம் 4×5 அங்குலத் தட்டை நிரப்புவது அரிது, துளையைச் சுருக்கவும் வழியில்லை. 1866-இல் டால்மேயரும் ஷ்டைன்ஹைலும் தனித்தனியே கொண்டுவந்த ரேபிட் ரெக்டிலீனியர் வகை லென்ஸ் எஃப் 8 என்பதால் திண்ணைக்குள் ஐந்து விநாடி கேட்கும், குழந்தைகள் அசைந்துவிடுவார்கள். குடும்பத்தை வரிசையாக வெளியில் நிறுத்தி எடுக்கிறவருக்கு அதைவிட மலிவானது வேறில்லை. 1900-இல் வந்த ஹீலியார் லென்ஸ் இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஆயினும் அதில் ஒட்டிய ஜோடிகள் இரண்டு. டார்ச் அடித்துப் பார்த்து இரண்டும் தெளிவாக இருந்தால் மட்டுமே, அதுவும் ஏற்காட்டில் இருப்பவர் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியை முதலில் வாங்கிவிட்ட பிறகே, விலை பேசலாம்.