மால்டா டைவிங் பேக்கேஜ்: “இன்றைக்குக் காற்று சரியில்லை” என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டா, கோசோ தீவுகளுக்கு ஸ்கூபா டைவிங், ஊர் சுற்றல் இரண்டையும் சேர்த்து “ஏழு நாள், பத்து டைவ்” என்று விற்கிறார்கள். இதில் ஏமாந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. விளம்பரத்தில் கடலடியில் கிடக்கும் உம் எல் ஃபரூத் கப்பல், கோசோவின் ப்ளூ ஹோல் என்ற பாறைக் குழி, மால்டாவின் சிர்கேவ்வாவில் மூழ்கியிருக்கும் பி29 ரோந்துக் கப்பல் எல்லாம் இருக்கும். போய் இறங்கினால், கடை வாசலுக்கு எதிரே இருக்கும் விரிகுடாவிலேயே ஆறேழு மீட்டர் ஆழத்தில் பாதி டைவை முடித்துவிடுவார்கள். கேட்டால் காற்று. மறுநாளும் காற்று. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் “வானிலையைப் பொறுத்து இடம் மாறலாம்” என்ற வரியை விரலால் காட்டுவார்கள்.

அந்தத் தீவுகளில் ஒழுங்காகத் தொழில் செய்யும் டைவ் சென்டர்கள் நிறைய உண்டு. அவர்களையும் இந்த ஆட்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்கு முதலில் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மால்டா மொத்தமே 27 கி.மீ. நீளம், கோசோ 14 கி.மீ. இவ்வளவு சிறிய தீவுகளில் ஒரு பக்கம் காற்று அடித்தால் எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஒதுக்கமாக இருக்கும். அடிக்கடி வீசுவது வடமேற்குக் காற்று, உள்ளூரில் மஜ்ஜிஸ்திரால் என்பார்கள். அது வலுத்தால் ப்ளூ ஹோல் இருக்கும் துவேரா, கோசோவின் வடகரை, சிர்கேவ்வா ஆகியவை சிரமம். ஆனால் கோசோவின் தென்கரையில் ஷத் லாமர் இருக்கிறது. அங்கே கார்வேலா, கோமினோலாண்ட் என்று 2006இல் மூழ்கடித்த இரண்டு கப்பல்கள் கிடக்கின்றன. வடகிழக்கிலிருந்து கிரிகால் அடித்தால் செயின்ட் பால்ஸ் பே, ஸ்லீமா, வலேட்டா துறைமுக வாய் எல்லாம் கலங்கும். தென்மேற்குக் கரையில் உம் எல் ஃபரூத் கிடக்கும் இடமும் துவேராவும் அப்போது அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். தெற்கு, தென்கிழக்குக் காற்றென்றால் இதற்கு நேர்மாறு: ஷத் லாமருக்கும் உம் எல் ஃபரூத்துக்கும் போக முடியாது, கோசோவின் வடகரையில் ரெக்கா முனையில் இறங்கலாம்.

ஆகவே “காற்று” என்று யாராவது சொன்னால், “எந்தத் திசைக் காற்று? அதற்கு எதிர்க்கரையில் எங்கே போகலாம்?” என்று உடனே கேளுங்கள். காற்றின் திசையும் அலை உயரமும் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போனில் இருக்கட்டும். கிரிகால் அடிக்கும் நாளில் உம் எல் ஃபரூத்தை ரத்து செய்துவிட்டு, அதே காற்று நேராக வந்து மோதும் செயின்ட் பால்ஸ் பேயில் இறக்குகிறார்கள் என்றால் காரணம் கடல் அல்ல. வேனில் அத்தனை பேரையும் சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு, ஃபெரி பிடித்துக் கோசோ போய் இரண்டு டைவ் முடித்துத் திரும்ப ஒரு நாள் முழுதும் ஆகும். வாசல் விரிகுடாவில் அதே நாளில் மூன்று நான்கு குழுக்களை இறக்கி ஏற்றிவிடலாம். கணக்கு அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காற்று நின்ற பிறகும் துவேராவில் அலை எழும்பிக்கொண்டே இருக்கும். ப்ளூ ஹோலுக்குள் இறங்குவதைவிட, மேலே ஏறும்போது கூரான பாறையில் அலை தூக்கி அடிப்பதுதான் ஆபத்து. அலையைப் பார்த்துவிட்டு “இன்று வேண்டாம்” என்று திரும்பும் கைடு நல்ல கைடு. அவரோடு சண்டை போடாதீர்கள்.

அடுத்த ஏமாற்று, உங்கள் சான்றிதழுக்குப் பொருந்தாத இடத்தை விற்பது. அடிப்படைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் கார்டு 18 மீட்டர் வரை, அதற்கு அடுத்த அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரை. உம் எல் ஃபரூத் 1998இல் மூழ்கடிக்கப்பட்ட பெரிய எண்ணெய்க் கப்பல். மணல்தரை ஏறக்குறைய 36 மீட்டரில் இருக்கிறது, பிரதான தளமே 20 மீட்டரைத் தாண்டும். பி29, ரோஸி இழுவைப் படகு, ஷத் லாமர் கப்பல்கள் எல்லாமே 30 மீட்டரைத் தாண்டும் ஆழத்தில் உட்கார்ந்திருப்பவை. ஓப்பன் வாட்டர் கார்டு வைத்திருப்பவரிடம் இவற்றைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, அங்கே போனதும் “அட்வான்ஸ்டு கோர்ஸ் எடுத்தால்தான் கூட்டிப் போவோம், கட்டணம் தனி” என்பது பழைய தந்திரம். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பதிவு செய்யும்போதே கேட்காத கடை, வேண்டுமென்றே கேட்கவில்லை. ஓப்பன் வாட்டர்காரர்களுக்கு ஏற்ற கப்பல் வேண்டுமென்றால் இரண்டு தீவுகளுக்கும் இடையிலுள்ள சிறு தீவான கோமினோ அருகே பி31 இருக்கிறது, தரை 20 மீட்டரை ஒட்டி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

“பத்து டைவ்” என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதையும் துருவ வேண்டும். மால்டாவில் பல கடைகள் கைடு இல்லாமல், சிலிண்டரும், மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியும் மட்டும் தரும் பேக்கேஜ் விற்கின்றன. அனுபவமுள்ள ஜோடிக்கு அது நியாயமான சேவை. முதல்முறை போகிறவருக்கு அதே விலையைக் காட்டிவிட்டு, கைடு, வெட்சூட் (குளிர் தாங்கும் உடை), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), பிசிடி (காற்றை நிரப்பி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்), ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், டார்ச், வேன், ஃபெரி என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டால் விலை எங்கேயோ போய்விடும். மின்னஞ்சலில் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எது சேர்ந்தது, எது சேராது, ஒரு கைடுக்கு எத்தனை பேர், எந்த இடங்கள், இடம் மாறினால் மாற்று இடம் எது, டைவ் நடக்காவிட்டால் பணமா வேறு நாளா. போனில் சொன்னது எதுவும் செல்லாது. பதில் எழுத்தில் தர மறுக்கும் கடைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

ஏழு நாளில் டைவ் நாள் ஏழு அல்ல என்பதும் கணக்கில் வரட்டும். தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காலை 10 மணி விமானமென்றால் முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் கடைசி டைவிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் போக ஐந்து நாள்தான் மிச்சம். விட்டுப்போன டைவ்களைக் கடைசி நாள் காலையில் “அடைத்துத் தருகிறோம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பணப் பிரச்சினையே அல்ல, உடம்பில் நைட்ரஜன் குமிழ் கட்டும் பிரச்சினை.

மருத்துவப் படிவத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்த மாத்திரை, காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு “ஆம்” என்று குறித்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். அது சரியான விதி. தவறு எங்கே என்றால், படிவத்தை முன்கூட்டியே அனுப்பாமல், பணம் வாங்கிய பிறகு கவுன்டரில் நீட்டுவது. “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று காதில் சொல்லும் ஊழியரும் உண்டு. போட்டீர்களானால் விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுக்கும். படிவத்தைக் கேட்டு வாங்கி ஊரிலேயே மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து பெற்றுப் போங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கு அல்லது ஆழ வரம்பு இருக்கும். டைவிங்குக்கான தனிக் காப்பீடு எடுத்தால்தான் அழுத்த அறைச் சிகிச்சைச் செலவு தலையில் விழாது. மால்டாவில் அந்த அறை மாட்டர் டேய் மருத்துவமனையில் இருக்கிறது, அவசர எண் 112.

இனி உபகரணம். மோசமான கடையில் இதுதான் உயிரோடு விளையாடுவது, அதனால் கரையிலேயே நேரம் எடுத்துப் பாருங்கள்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டிய பின், வால்வைத் திறக்கும் முன் வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரக் கூடாது. வந்தால் உள்ளே சவ்வோ வெளியேற்று வால்வோ கசிகிறது, தண்ணீருக்குள் மூச்சோடு உப்புநீரும் வரும். பிறகு வால்வை முழுவதும் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் இறங்கி ஏறினால் வால்வு பாதிதான் திறந்திருக்கிறது, இல்லையென்றால் ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியின் வடிகட்டி அடைத்திருக்கிறது. கரையில் லேசாகத் தெரியும் இந்தக் குறை 30 மீட்டரில் மூச்சுத் திணறலாகிவிடும், அங்கே காற்றின் அடர்த்தி நான்கு மடங்கு. பிசிடியை நன்றாக ஊதி, பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தளர்ந்தால் கசிவு. ஊதும் பொத்தானை அழுத்தி விட்டதும் சீறல் உடனே நிற்க வேண்டும்; பொத்தான் சிக்கிக்கொண்டால் பிசிடி தானாக ஊதி உங்களைச் சரேலென்று மேலே தூக்கிவிடும்.

குறைவாக நிரப்பிய சிலிண்டர் இன்னொரு அமைதியான திருட்டு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) இருந்தால் 2,400 லிட்டர் காற்று. 160 பார் மட்டும் நிரப்பிக் கொடுத்தால் 1,920. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஒருவர், அழுத்தம் மூன்று மடங்காகும் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவழிப்பார். ஆக, குறைந்த 480 லிட்டரோடு எட்டு நிமிடம் போயிற்று. ஆழத்தில் அந்த எட்டு நிமிடம்தான் உங்கள் பாதுகாப்பு இருப்பும்கூட. 190க்குக் கீழே காட்டினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். காற்றில் எண்ணெயோ புகையோ மணந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்குத் தனியாக வாசனை கிடையாது, ஆனால் எஞ்சின் புகை கலந்த காற்றில் அதுவும் சேர்ந்தே இருக்கும்.

அந்தமானிலோ புதுச்சேரியிலோ கற்றவர்கள் வெட்சூட் விஷயத்தில் ஏமாறுவது சகஜம். அங்கே 28 டிகிரி நீரில் 3 மி.மீ. போதும். மால்டாவில் ஆகஸ்டில் 26 டிகிரி, பிப்ரவரி மார்ச்சில் 15, மே மாதத்திலும் 18ஐ ஒட்டித்தான். கோடைக்கு 5 மி.மீ., மற்ற மாதங்களுக்கு 7 மி.மீ. கேளுங்கள். தடித்த சூட்டோடு மத்தியதரைக் கடலின் கூடுதல் உப்பும் சேர்ந்து உங்களை மிதக்கவைக்கும், வழக்கமான ஈயம் பற்றாது. பிசிடியைக் காலி செய்து, சாதாரண மூச்சோடு நீரில் அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரோடு பார்த்தீர்களானால் அதற்கு மேல் 2 கிலோ சேருங்கள். டைவ் முடியும்போது செலவான காற்றின் எடை அவ்வளவு குறைந்திருக்கும். இந்தச் சோதனையே செய்யாமல் “நாலு கிலோ போதும்” என்று பெல்ட்டை மாட்டி அனுப்புகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

டைவிங் தெரியாதவர்களுக்கான அறிமுக டைவில், பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதி தெளிவு: அதிகபட்சம் 12 மீட்டர், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நான்கு பேர், அதற்கு முன் ஆழமில்லாத இடத்தில் அடிப்படைப் பயிற்சி. எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி, முகமூடித் தண்ணீரை வெளியேற்றக்கூடச் சொல்லித்தராமல் இறக்கினால் கரையேறிவிடுங்கள். இன்ஸ்ட்ரக்டரின் எண்ணைக் கேட்டு வாங்கினால், அவர் கற்பிக்கும் தகுதியோடு இருக்கிறாரா என்று பாடி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். டைவ் சென்டருக்கு மால்டா சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். அந்தச் சான்றை கடைச் சுவரில் தேடுங்கள்.

ஊர் சுற்றும் பாதிக்கு வருவோம். அஸூர் விண்டோ என்ற கடல் வளைவை விளம்பரப் படத்தில் நிமிர்ந்து நிற்பதுபோல் காட்டும் பேக்கேஜை மூடிவையுங்கள். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. ஹால் சஃப்லியேனி ஹைபோஜியம் என்ற பழங்கால நிலத்தடிக் கல்லறைக்கு ஒரு முறைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், சீசனில் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். உங்கள் பெயரில் தேதியும் நேரமும் போட்ட டிக்கெட்டைக் காட்டாமல் “ஹைபோஜியம் சேர்த்து” என்று சொன்னால் வாசலை மட்டும்தான் பார்ப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வலேட்டா டூரில் கரவாஜ்ஜோ ஓவியம் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். அந்த ஓவியம் இருக்கும் செயின்ட் ஜான் இணைப் பேராலயம் அன்று பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். கோமினோவின் ப்ளூ லகூனில் இறங்க 2025 முதல் முன்பதிவு வேண்டும், அது இலவசம். அதற்கு யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கோசோ ஃபெரியில் போகும்போது டிக்கெட் கிடையாது, திரும்பும்போது இம்ஜார் துறையில்தான் வசூலிப்பார்கள், நடந்து போகிறவருக்குப் போகவர 4.65 யூரோ. போகும் வழியிலேயே “ஃபெரிக்கு” என்று தலைக்கு இருபது யூரோ வாங்கும் வேன்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

பணம் கட்டும்போது கிரெடிட் கார்டைப் பயன்படுத்துங்கள், வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத்தரும்படி, கேட்கலாம், அதற்கு அந்த மின்னஞ்சல்கள்தான் சாட்சி. அங்கே கார்டு மெஷின் “ரூபாயா யூரோவா” என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் வாங்கியதைப் பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய விதி, குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைக்குப் பொருந்தாது. அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். தகராறு வந்தால் சான்று வேண்டும், அதனால் ஒவ்வொரு டைவ் முடிந்ததும் இடம், ஆழம், நேரம், நிமிடம், சிலிண்டர் பார் எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதிக் கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். கம்ப்யூட்டர் திரையைப் படமெடுங்கள். ஊர் திரும்பும் முன்பே கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதில் திருப்தியில்லை என்றால் மால்டாவின் போட்டி மற்றும் நுகர்வோர் விவகார ஆணையத்துக்கு அனுப்புங்கள். பாதுகாப்பு மீறல் என்றால் சுற்றுலா ஆணையத்துக்கும், இன்ஸ்ட்ரக்டரின் எண்ணைக் குறிப்பிட்டு அவருக்குச் சான்று கொடுத்த அமைப்புக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.