அப்பாவுக்குக் கரண்ட் வைத்த ஐந்து வாரம்

டொராண்டோவிலிருந்து ஏழு வார விடுப்பில் புதுக்கோட்டை போயிருந்தேன். அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து ஒரு சுற்றுக் கீமோவும் ஆகியிருந்தது. அடுத்தது கீமோ மாத்திரையோடு சேர்த்துக் கதிர்வீச்சு. ஊரில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். "ஷாக் அடிக்குமா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அத்தை கவலையோடு கேட்டார். அடிக்காது. கதிர் படுவது தெரியவே தெரியாது.

திருச்சியில் கதிர்வீச்சு மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை நிணநீர் முடிச்சு எடுத்தாங்க?" என்றுதான். இரைப்பையைச் சுற்றியிருக்கும், நோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகள் அவை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண்ணிக்கை இல்லை. ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்க நான்கு நாள் அலைந்தேன். ஒருநாள் ரெக்கார்ட் ரூம் பூட்டு, மறுநாள் கையெழுத்துப் போட ஆளில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் முடிவே எடுக்க வேண்டியிருந்தது என்பதால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 9 முடிச்சுகள் பார்த்திருந்தார்கள், 3-இல் நோய். குறைந்தது 15 பார்த்திருக்க வேண்டுமாம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 556 பேர். ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 27 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள்; கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 36 மாதம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு முடிச்சுகளை விரிவாக அகற்றியிருக்கவில்லை. பிறகு கொரியாவில், விரிவாக அகற்றியவர்களுக்குக் கீமோவோடு கதிர்வீச்சையும் கொடுத்துப் பார்த்ததில், மொத்தத்தில் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. அப்பாவின் நிலை, முடிச்சுகளை விரிவாக அகற்றாத முதல் வகை. சரி, வைத்துவிடலாம் என்று முடிவானது.

மொத்தம் 45 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை. தினமும் போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட வயிற்றில் போட்ட மார்க் அழியாமல் குளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. டெக்னீஷியன் பையன்கள் அப்பாவைத் தாங்கிப் படுக்க வைத்த விதத்தை மறக்கமாட்டேன்.

மூன்றாவது வாரம் அப்பா, "போதும்டா" என்றார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். அந்த அமெரிக்க ஆய்விலேயே 64 சதவீதம் பேர்தான் திட்டமிட்டபடி முடித்தார்களாம். உணவு ஆலோசகர் அம்மா தினமும் வந்து உட்கார்ந்து பேசினார்: கதிர்வீச்சுக்கு அரைமணி முன்பு வாந்தி மாத்திரை, அப்புறம் இரண்டு மணிக்கொரு தடவை கேழ்வரகுக் கஞ்சி, அரை இட்லி, முட்டை வெள்ளை.

25-ஆவது நாள் எடை 51 கிலோ, மூன்று குறைவு. மீதிக் கீமோவுக்குத் தங்கை அழைத்துப் போகிறாள். ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து, ஒன்றை அவள் கைப்பையில் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.